எழுதப்படாத மதிப்புரைகள்: கிழக்குக் கரையிலிருந்து இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையைக் கேட்டல்

எங்கள் கரையில் கலியாணத்துக்கோ சுற்றுலாவுக்கோ ஒரு பஸ் புறப்பட்டால், ஊர் எல்லை தாண்டுவதற்கு முன்பே பின்னாசனத்திலிருந்து யாராவது ஒருவர் 'சின்ன மாமியே' என்று எடுத்துக் கொடுப்பார். மிச்சத்தை முழுப் பஸ்ஸும் பாடி முடிக்கும். ஆசனத்தின் பின்புறத் தகரம் றபானாகும். தண்ணீர்ப் போத்தல் தாளக் கருவியாகும். பாடுகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பாட்டு வெளிவந்த பிறகு பிறந்தவர்கள். அதைப் பாடியவர் நித்தி கனகரத்தினம் என்பது சிலருக்குத் தெரியும். எப்போது பதிவானது, கிற்றார் வாசித்தவர் யார், எந்தக் கலையகம், இசைத்தட்டு முதலில் எத்தனை அச்சானது என்று கேட்டால் பஸ் மௌனமாகிவிடும். பஸ்ஸை விடுங்கள். இலக்கியம் பேசும் எங்கள் வட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள், அதே மௌனம்தான்.

இதே ஆட்களிடம் 1969இல் கல்முனையிலிருந்து வந்த 'கவிஞன்' இதழைப் பற்றிக் கேளுங்கள். எம்.ஏ. நுஃமானில் தொடங்கி நீலாவணன், மருதூர்க் கொத்தன் என்று ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். எந்தக் கவிதை எந்த இதழில் வந்தது, அதற்கு யார் மறுப்பு எழுதினார், அந்த மறுப்புக்கு யார் மறுப்பு எழுதினார் என்பதெல்லாம் மனப்பாடம். கவிதைக்கு இந்தப் பாக்கியம் கிடைத்தது, பாட்டுக்குக் கிடைக்கவில்லை. நூறு பிரதிகூட விற்காத தொகுதிக்கு நான்கு பக்க மதிப்புரை எழுதிய நாங்கள், இலட்சம் பேர் வாயில் கிடந்த ஒரு பாட்டைப் பற்றி நான்கு வரி எழுதவில்லை. பொப் பாடலொன்றை நூலைப்போல் எடுத்து வைத்து, அதன் சொல்லையும் தாளத்தையும் பிரித்துப் பேசிய கட்டுரை ஒன்றை எமது பக்கங்களில் நான் இதுவரை வாசித்ததில்லை. இக்கட்டுரை அந்தக் கணக்கில் ஒரு சிறு பகுதியைத் தீர்க்கப் பார்க்கிறது.

'பொப்' என்ற சொல் எங்கள் நாட்டில் ஒரு குறிப்பிட்ட பொருளில்தான் வழங்கியது. சினிமாப் பாட்டு அல்லாத, கர்நாடக சங்கீதமும் அல்லாத, கிற்றார் பிடித்துப் பாடும் பாட்டு. 1960களின் நடுப்பகுதியில் கொழும்பில் இளைஞர் குழுக்கள் பல கிளம்பின. மிக்னொன் பெர்னாண்டோ பாடிய ஜெற்லைனர்ஸ் ஆங்கிலத்தில் வாசித்தது. லா சிலோனியன்ஸும் லொஸ் கபலெரோஸும் மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்சோவைச் சிங்களமாக்கின. கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனெஸ்லி மாலேவனவும் மூன்ஸ்ரோன்ஸ் குழுவாக வந்தபோது, சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றார் நிலையாகக் குடியேறியது. இவர்களை இலங்கை வானொலியில் அறிமுகம் செய்து தூக்கிவிட்டவர் ஒலிபரப்பாளர் விஜய கொரெயா. புத்தக வியாபாரியான ஜெரல்ட் விக்கிரமசூரிய 'சூரிய' என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிட்டார். பட முதலாளி இல்லை, நடிகன் இல்லை, கதாநாயகியின் கனவுக் காட்சி இல்லை. குழு தானே எழுதும், தானே மெட்டமைக்கும், தானே வாசிக்கும். இன்று 'சுயாதீன இசை' என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான்.

தமிழில் இதன் எதிரொலி தாமதமின்றி எழுந்தது. நித்தி கனகரத்தினம், பின்னாளில் தமிழகத்தார் 'சிலோன் மனோகர்' என்று அழைத்த ஏ.ஈ. மனோகரன், திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள், இன்னும் அமுதன் அண்ணாமலை, எஸ். இராமச்சந்திரன், ஸ்ரான்லி சிவானந்தன் என்று ஒரு வரிசை. யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டியும் ரங்கன் கோஷ்டியும் மேடை மேடையாக ஏறின. இவர்களில் சிலர் இந்தியப் பாட்டை அச்சொட்டாகப் பாடுவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் இக்கட்டுரைக்கு வேண்டியது சொந்தப் பாட்டுப் பாடியவர்கள். அவர்களுக்குக் காலமும் ஒத்துழைத்தது. 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. இந்திய வணிக சஞ்சிகைகளின் வரவு குறைந்தது. உள்ளூர்ப் படைப்புக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. 'குத்துவிளக்கு' (1972), 'புதிய காற்று' (1975), 'வாடைக்காற்று' (1978) போன்ற படங்கள் அந்தக் காலத்துக்குரியவை. செங்கை ஆழியானின் நாவலில் இருந்து எடுக்கப்பட்ட 'வாடைக்காற்று' படத்தில் மனோகரனும் நடித்தார். வானொலி பொப்பிசை என்று பெயர் சொல்லியே இப்பாடல்களை ஒலிபரப்பியது. கல்முனைக்கு அவை வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

இந்தப் பொப்பின் முதுகெலும்பு பைலாத் தாளம். பைலா கொழும்பில் பிறந்ததென்று நினைப்பவர்கள் பலர். அதன் வேர்களில் ஒன்று எங்கள் காலடியில் கிடக்கிறது. கல்முனையிலிருந்து வடக்கே 40 கிலோமீற்றர் அளவில் இருக்கும் மட்டக்களப்பில், போர்த்துக்கீசக் கிரியோல் பேசும் பறங்கியர் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களது கலியாண வீட்டில் வயலின் முன்னே போக, மேளம் பின்னே வர ஆடப்படும் கஃப்ரிஞ்ஞா ஆட்டம்தான் பைலாவின் மூத்த உறவு. புத்தளத்துப் பக்கத்தில் சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் மஞ்ஞாப் பாட்டு இன்னொரு கிளை. ஒரு சுற்றை ஆறாக எண்ணி, அந்த ஆறை மூன்று மூன்றாகவும் இரண்டு இரண்டாகவும் மாறி மாறி உணரச் செய்யும் தாளம் அது. கால் ஒன்றைச் சொல்லும், கை இன்னொன்றைச் சொல்லும். ஆளைக் கதிரையில் இருக்கவிடாது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1982இல் மட்டக்களப்புப் பறங்கியரைப் பற்றி விரிவாக எழுதினார். அதே ஆள் அக்கரைப்பற்றில் வருடக்கணக்கில் தங்கி, எங்கள் குடிமுறையையும் தாய்வழிச் சொத்துரிமையையும் ஆராய்ந்தவர். இரண்டையும் ஒருவரே எழுத நேர்ந்தது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே கரையின் வாழ்க்கை.

இங்கே ஒரு வரலாற்று வேடிக்கை இருக்கிறது. போர்த்துக்கீசர் மேற்குக் கரையிலிருந்து எங்கள் மூத்தவர்களைத் துரத்தியபோது, 1626இல் கண்டி மன்னன் செனரத் 4,000 முஸ்லிம்களை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டே வருடத்தில் போர்த்துக்கீசர் மட்டக்களப்புக்கும் வந்து கோட்டை கட்டினார்கள். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பறித்துக்கொண்டார்கள். போர்த்துக்கீச ஆட்சி போய்விட்டது, தாளம் போகவில்லை. துரத்தியவன் விட்டுப்போன தாளத்துக்குத் துரத்தப்பட்டவனின் பேரப்பிள்ளைகள் பஸ்ஸின் தகரத்தில் அடிக்கிறார்கள்.

பைலாத் தாளம் எங்களுக்கு அந்நியமாகப் படாததற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்களிடம் ஏற்கெனவே தாளம் இருந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரால் கொடியேறும் நாட்களில் பாவாமார் றபான் அடித்து றாத்திபு நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மெதுவாகத் தொடங்கி, அடி நெருங்கி நெருங்கி வந்து, ஒரு கட்டத்தில் குரலும் தோலும் ஒன்றாகிவிடும். பொல்லடியில் வட்டமாக நின்று கோலோடு கோல் தட்டும்போது வரும் குறுக்கடியும் அப்படியே. மின்கிற்றார்க் குழு உருவாக வேண்டிய தாள அறிவு எங்கள் ஊர்களில் குறைவாக இருக்கவில்லை. கிற்றார்தான் குறைவாக இருந்தது.

சொல்லின் பக்கத்தைப் பார்ப்போம். 'சின்ன மாமியே' பாடலின் கட்டமைப்பு மிக எளிது. மருமகன் வந்து மாமியிடம் அவளுடைய மகள் எங்கே என்று கேட்கிறான். மாமி பதில் சொல்கிறாள். அவன் சந்தேகப்படுகிறான். அவள் சமாளிக்கிறாள். மருமகனுக்குப் பொறுமை இல்லை, மாமிக்கு வாய் குறைவில்லை. இரண்டு பேரின் குரலில் ஒரு குடும்ப நாடகம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பேசுவது யாழ்ப்பாணத்து வாய்மொழி. ஆனால் எங்கள் கரையில் அதைக் கேட்டவர்கள் யாழ்ப்பாணத்தைக் கேட்கவில்லை. தங்கள் வீட்டைக் கேட்டார்கள். மாமி மகள் முறை, மச்சான் மச்சி உரிமை, கலியாணமானதும் பெண் வீட்டுக்கே மாப்பிள்ளை குடிபோகும் வழக்கம் என்றிருக்கும் சமூகத்தில், மாமியின் வாசலில் நின்று மகளைக் கேட்கும் இளைஞன் வெறும் பகிடிப் பாத்திரம் அல்ல. அவனுக்கு அங்கே ஒரு உரிமை இருக்கிறது. மாமிக்கு அதை மறுக்கும் அதிகாரமும் இருக்கிறது. பாட்டின் சிரிப்பு அந்த உரிமைக்கும் அதிகாரத்துக்கும் நடுவில் இருந்து பிறக்கிறது.

எங்கள் கவிகளைத் தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்புப் புதிதல்ல. வயற்காவலில் பரணிலிருந்து மச்சான் பாட, அதற்கு மச்சி பாடுவதாக வரும் நாலடிக் கவிகளில் இதே கேள்வி, இதே சாட்டு, இதே குத்தல் இருக்கின்றன. காவலுக்குக் கிழவி, இடையில் ஒரு வேலி, தூதுக்கு ஒரு கிளி. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் அலைந்து திரிந்து இக்கவிகளைச் சேகரித்திருக்காவிட்டால் பெரும்பகுதி மூத்தம்மாமாரோடு மண்ணுக்குள் போயிருக்கும். கவியில் தாளம் தளர்வாக இருக்கும். குரல் நீட்டி நீட்டிப் போகும். அடியின் கடைசிச் சொல்லில் ஒரு இழுவை வரும். பொப்பில் அந்த இழுவை இல்லை. தாளம் கயிறு கட்டி இழுக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது ஒரே உரையாடல். நித்தி கனகரத்தினத்தின் காதில் எங்கள் கவி விழுந்திருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே உறவுமுறையிலிருந்து முளைத்தவை என்றுதான் சொல்கிறேன். இந்தச் சிறு கவனிப்பைக்கூட எங்கள் விமர்சகர்களில் எவரும் அன்று எழுதி வைக்கவில்லை. நாட்டார் பாடலை ஆராய்ந்தவர்கள் பொப்பைக் கேட்கவில்லை. பொப்பைக் கேட்டவர்கள் எழுதவில்லை.

மனோகரன் வேறு வகை. நித்தியின் பலம் சொல்லில் என்றால், இவருடைய பலம் குரலில். கரகரப்பும் எகத்தாளமும் கலந்த ஒரு குரல். மேடையில் நின்றால் முன்வரிசையை ஆளும் உடம்பு. 'சுராங்கனி'யில் சிங்களமும் தமிழும் முட்டிக்கொள்ளாமல் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நடக்கின்றன. மீன் கொண்டுவந்தேன் என்று பெண்ணை அழைக்கும் பாட்டு, கரைவலை இழுக்கும் ஊரில் ஏன் பிடித்தது என்று ஆராய வேண்டியதில்லை. அந்தப் பாட்டு 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா வழியாகத் தமிழகத்துக்குப் போனது. இலங்கையின் சின்னத் தட்டு இந்தியாவின் பெரிய சந்தைக்குள் நுழைந்த அபூர்வ சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அதோடு குறையையும் சொல்லவேண்டும். மனோகரனின் பாடல்கள் பலவற்றில் சொல் மெலிந்து, தாளமே எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. முதற்தடவை சிரிக்க வைக்கும். பத்தாவது தடவையில் குரலைத் தவிர மிச்சம் அதிகமில்லை. நித்தியின் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' அப்படியல்ல. உபதேசம் போலத் தொடங்கி உபதேசத்தையே கிண்டல் செய்வதால் அது இன்னும் தாங்குகிறது. அன்று யாராவது இதை எழுதியிருந்தால், பாடியவர்களே வாசித்து, அடுத்த தட்டில் வேறு மாதிரிச் செய்திருக்கலாம். மதிப்புரை என்பது கேட்பவனுக்கு மட்டுமல்ல, செய்பவனுக்கும்தான்.

இப்பாடல்கள் கைமாறிய விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். முதலில் ஏழங்குல இசைத்தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று. அதை வைத்திருக்கக் கூடியவர்கள் ஊருக்கு இரண்டு மூன்று வீட்டார். மற்றவர்களுக்கு வானொலிதான். பட்டறி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு பாட்டுக் கேட்போம் என்று வாப்பாமார் செய்த வித்தை பலருக்கு நினைவிருக்கும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், அதே காலத்தில் எங்கள் ஊர்களிலிருந்து சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் ஆட்கள் போகத் தொடங்கியதும் நிலைமையைத் தலைகீழாக்கின. விடுமுறைக்கு வந்த காக்காமாரின் பெட்டியில் சேலைத் துணி, அத்தர், டோர்ச் லைற் இவற்றோடு ஒரு கசெட் றெக்கோடரும் இருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பேழை, கல்முனைக்கு வந்து சேரப் பதினைந்து வருடம் எடுத்தது. வந்த பிறகு அது செய்த வேலைக்குக் கணக்கில்லை.

றெக்கோடிங் பார் என்ற கடைகள் முளைத்தன. ஒரு கொப்பியில் பாட்டுகளின் பெயர் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் கசெட்டில் ஏற்றித் தருவார்கள். அறுபது நிமிடக் கசெட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். தொண்ணூறு நிமிடக் கசெட்டில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து. தொண்ணூறின் நாடா மெல்லியது, சிக்கிக்கொள்ளும் என்பதால் விபரம் தெரிந்தவர்கள் அறுபதைத்தான் கேட்பார்கள். சிக்கிய நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றி எடுப்பது அக்காலத்துப் பிள்ளைகளின் கைத்தொழில். எங்கள் வீட்டில் இருந்த கசெட் ஒன்றில் ஒரு பக்கம் நாகூர் ஹனிபா, மறுபக்கம் மனோகரன். நோன்பு மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் ஓடும், பெருநாளுக்கு மறுபக்கம் திரும்பும். உம்மாவுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

ஒரு கசெட்டிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் இரைச்சல் கூடும், மேல் சுருதிகள் மங்கும். நான்காவது ஐந்தாவது பிரதியில் கிற்றார் போய்விடும், குரலும் மேளமும்தான் மிச்சம். ஆகவே நாங்கள் 'கேட்ட' பொப்பிசை, கலையகத்தில் வாசிக்கப்பட்ட பொப்பிசை அல்ல. எங்கள் காதில் அது இன்னும் கொஞ்சம் றபானுக்கு நெருக்கமாக இருந்தது! இந்தக் கைமாற்றத்தில் பாடலின் உடம்பு பிழைத்தது, பெயர்கள் தொலைந்தன. கசெட்டின் அட்டையில் 'பொப்' என்று நீலப் பேனையால் எழுதியிருக்கும், அவ்வளவுதான். பாடியவர், எழுதியவர், வாசித்தவர் எதுவுமில்லை. பகிர்தல் முழுமையாக நடந்தது, பதிதல் நடக்கவே இல்லை. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

ஏன் எழுதவில்லை? ஒரு காரணம் எங்கள் இலக்கிய ஆசாரம். முற்போக்கு அணியினருக்குப் பைலா, உழைப்பாளியைக் குடிக்கவும் ஆடவும் வைக்கும் கேளிக்கை. தூய இலக்கிய அணியினருக்கு அது கூத்தாடித்தனம். எலியும் பூனையுமாக இருந்த இரண்டு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக மூக்கைச் சுளித்தன. வானொலியின் மெல்லிசைப் பாட்டுக்குக் கவிஞர்கள் எழுதினார்கள். அதற்கு மரியாதை இருந்தது. பொப்புக்கு எழுதுவது கௌரவக் குறைவு.

மற்றக் காரணத்தை முஸ்லிம்களாகிய நாங்கள் சுற்றி வளைக்காமல் பேசவேண்டும். இசை ஆகுமா ஆகாதா என்ற கேள்வி எங்கள் ஊர்களில் எப்போதும் இருந்தது. 1980களுக்குப் பிறகு அது உரத்துக் கேட்கத் தொடங்கியது. தஃப் மட்டும் ஆகும் என்பார் ஒருவர். அதுவும் கலியாணத்துக்கும் பெருநாளுக்கும்தான் என்பார் இன்னொருவர். இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் ஸமாஉ என்னும் கேட்டல் பற்றித் தனி அத்தியாயமே எழுதி, கேட்பவரின் உள்ளத்தையும் கேட்கப்படும் பொருளையும் சந்தர்ப்பத்தையும் பிரித்துப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார் என்பதை இரண்டு தரப்புமே அதிகம் எடுத்துப் பேசுவதில்லை. ஃபத்வா வழங்குவது என் வேலையல்ல. ஒரு வரலாற்றுச் செய்தியை மட்டும் வைக்கிறேன். 1919இல் சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்து 1991இல் மறைந்த முகைதீன் பேக், சிங்களச் சினிமாவிலும் பௌத்த பக்திப் பாடலிலும் முழு நாடும் அறிந்த குரலாக இருந்தார். சிங்களவர் அவரைத் தங்கள் கலைஞராகவே கொண்டாடினார்கள். எமது இலக்கிய வரலாறுகளைப் புரட்டிப் பாருங்கள். அவருக்கு எத்தனை பந்தி கிடைத்திருக்கிறது? ஒரு பாடகனை ஆகாதவன் என்று வாதிட்டு ஒதுக்குவதும் ஒரு நிலைப்பாடுதான், அதற்குப் பதில் சொல்லலாம். பேசாமலே கடந்து போவதற்கு என்ன பதில் சொல்வது?

பிறகு யுத்தம் வந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பில் தமிழ் மேடை பழைய மாதிரி இருக்கவில்லை. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தார். மனோகரன் சென்னையில் தங்கி, வில்லன் வேடங்களில் நடித்து, 2018 ஜனவரி 22ஆம் திகதி அங்கேயே காலமானார். எங்கள் கரையில் 1985இலும் 1990இலும் தமிழ் முஸ்லிம் உறவு சிதறிய விதத்தை இங்கே மீண்டும் விபரிக்க விரும்பவில்லை. ஒன்றைச் சொல்லலாம்: கோஷ்டி மேடை என்பது இரவு வேலை. ஊரடங்குச் சட்டமும் சோதனைச் சாவடியும் உள்ள இடத்தில் இரவு இல்லை. பக்கத்து ஊர்க் கிற்றார்காரர் பக்கத்து ஊர் மேளகாரரிடம் வரமுடியாதபோது குழு என்பதும் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் மிச்சத்தையும் எடுத்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாளில் கசெட்டுக்கு அழுதவர் யாருமில்லை, அழவும் கூடாது. ஆனால் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகளின் அலுமாரிகளில் இருந்தவை அன்று கடலோடு போய்விட்டன. எழுதி வைத்திருந்தால் எழுத்தாவது எங்காவது ஒரு பிரதியில் தங்கியிருக்கும்.

உலகில் வேறெங்காவது இப்படிப் பகிர்ந்தும் பதிந்தும் காப்பாற்றியவர்கள் உண்டா என்று பார்த்தால், எனக்கு முதலில் நினைவில் வருவது சஹாராப் பாலைவனத்தின் துவாரெக் முஸ்லிம்கள். 1979 அளவில் அல்ஜீரியாவின் தமன்றாசெற் நகரில், மாலியிலிருந்து அகதிகளாகப் போன இளைஞர்கள் கிற்றார் குழுவொன்றை அமைத்தார்கள். பின்னர் அதற்குத் தினாரிவென் என்று பெயர் வந்தது. வெற்றுக் கசெட் கொண்டுவரும் எவருக்கும் காசு வாங்காமல் பாட்டைப் பதிந்து கொடுத்தார்கள். ஒட்டகத்திலும் லொறியிலும் அந்தக் கசெட்டுகள் பாலைவனம் முழுக்கப் போயின. கிட்டத்தட்ட எங்கள் கதையேதான். ஆனால் அவர்களைப் பற்றி எழுத ஆட்கள் வந்தார்கள். 2001இல் முதல் இறுவட்டு வெளிநாட்டுக்குப் போனது. 2012இல் 'தஸ்ஸிலி' தொகுதிக்குக் கிரமி விருது கிடைத்தது. அதே வருடம் வடமாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் இசையைத் தடைசெய்தன. குழு தப்பி வெளியேறித் தொடர்ந்து பாடியது. தடைசெய்தவர்களும் முஸ்லிம்கள், பாடியவர்களும் முஸ்லிம்கள். அந்த விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் பாட்டு அங்கே இருக்கிறது. எடுத்து வைத்துப் பேசலாம்.

இன்னோர் உதாரணம் இலண்டனிலிருந்து. 1976இல் பங்க் றொக் கிளம்பியபோது, வங்கி எழுதுவினைஞராக இருந்த மார்க் பெரி என்ற இளைஞன் 'ஸ்னிஃபின் குளூ' என்ற இதழைத் தட்டச்சிலும் கையெழுத்திலுமாக ஒப்பேற்றினான். முதல் இதழ் சுமார் 50 பிரதி. எழுத்துப் பிழை தாராளம். பெரிய பத்திரிகைகள் அசட்டை செய்த குழுக்களை அவன் மேடைக்கு முன்னால் நின்று கேட்டு, நல்லதை நல்லதென்றும் கேடானதைக் கேடென்றும் அடுத்த வாரமே எழுதினான். ஒரே வருடத்தில் இதழை நிறுத்தியும் விட்டான். பங்க் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு இன்று அதுதான் ஆவணம். றோணியோ இதழ் நடத்திய எங்களுக்கு இந்த முறை தெரியாததா? வசதியும் இருந்தது, காதும் இருந்தது. பைலாவைக் கேட்டுவிட்டுக் கவிதையைப் பற்றி எழுதினோம்.

யுத்தகாலத்திலேயே வேறு அலைகள் எழுந்தன. 1998இல் சக்தி, சூரியன் வானொலிகள் வந்தன. கிரிஷான் மகேசனின் 'ஏசியன் அவனியூ' 2006இல் வந்து, தமிழ் ரப்பை எங்கள் முச்சக்கர வண்டிகளுக்குள் கொண்டுவந்தது. கொழும்பில் ஸ்ரிக்மாற்றா, கண்டியில் மிர்ஷாட் பக்மன் பாடும் பரனொயிட் ஏர்த்லிங் போன்ற குழுக்கள் ஆங்கிலத்தில் கனத்த றொக் வாசித்தன. அதைக் கேட்கும் பையன்கள் எங்கள் ஊர்களிலும் இருக்கிறார்கள். பொத்துவில் அறுகம்பேயில் அலையில் சறுக்க வந்த வெள்ளைக்காரர்களிடமிருந்து கிற்றார் பழகியவர்களும் இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் பா. ரஞ்சித்தின் முயற்சியால் மேடையேறிய 'காஸ்ற்லெஸ் கலெக்ரிவ்' கானாவையும் றொக்கையும் ஒன்றாக்கியபோது, அதைப் பற்றி உடனுக்குடன் எழுதினார்கள், சண்டை பிடித்தார்கள். அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஆகவே நானும் ஒரு மதிப்புரையோடு நிற்கிறேன். சாய்ந்தமருதைச் சேர்ந்த, இருபது வயது தாண்டிய ஓர் இளைஞர் தமது அறையில் பதிந்த மூன்று பாடல்களைத் தொலைபேசியில் அனுப்பியிருந்தார். பெயரைப் போடவேண்டாம் என்பது அவர் வேண்டுகோள். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். கிற்றாரும் பேஸும் அவரே. மேளத்துக்குப் பதில் றபான். முதற் பாடல் கரைவலைத் தோணியில் போகும் வாப்பாவைப் பற்றியது. சொல் நன்றாக இருக்கிறது. கவியின் இழுவையை ஒவ்வோர் அடியின் முடிவிலும் வைத்துவிட்டு, அடுத்த அடியில் கிற்றாரை வெட்டி நுழைக்கிறார். அந்த இடம் புதிது, நான் வேறெங்கும் கேட்டதில்லை. றபானுக்கு ஒலிவாங்கியை மிகக் கிட்ட வைத்திருப்பதால் தோலின் அதிர்வு போய், தகரத்தில் அடிக்கிற சத்தம்தான் கேட்கிறது. ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்க்கலாம். இரண்டாவது பாடல் வெளிநாட்டில் இருக்கும் காக்காவுக்கு எழுதிய கடிதம். நீளம் அதிகம், நடுவில் இரண்டு நிமிடத்தை வெட்டினாலும் நட்டமில்லை. ஆங்கிலச் சொற்கள் வேண்டாத இடங்களில் வருகின்றன. மூன்றாவதில் மாமியும் மருமகனும் பேசுகிறார்கள். இம்முறை மாமி தொலைபேசியில், மருமகன் கட்டாரில், மகள் ஒலுவில் பல்கலைக்கழகத்தில். மாமியின் பகுதியை அவருடைய சொந்த மாமியே பாடியிருக்கிறார், சுருதி இரண்டு இடத்தில் இறங்குகிறது, திருத்தவேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். அந்தப் பாட்டுக்கு அவர் இன்னும் பெயர் வைக்கவில்லை.